க்ளெண்டா எழுதாமல் விட்ட காலைகள்

ஹாலிஃபாக்ஸ் டிப்போவில் க்ளெண்டா ஹோல்ராய்ட் ஓட்டிவிட்டு வந்த பஸ்ஸை அடுத்து எடுக்க யாருக்கும் பிடிக்காது. இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளையெல்லாம் தன் குள்ள உயரத்துக்குத் திருப்பி வைத்திருப்பார். யாராவது முணுமுணுத்தால், "நீங்க எல்லாரும் நெட்டையாப் பொறந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்பார். நான் நாடுவிட்டு வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மலைச்சாலையில் பனியில் பஸ்ஸை எப்படி இறக்குவது என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்வார்.

அவருக்கு நோரீன் என்று ஒரு தங்கை. ஆறு வயது இளையவர். அம்மா சீக்கிரம் இறந்துபோனதால் நோரீனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பியது க்ளெண்டாதான். பிறகு க்ளெண்டாவுக்குக் கல்யாணமாகி, அந்தக் கணவர் வேறொருத்தியோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அந்த வாரம் "ரெண்டு வாரம் கூட இருக்கேன்" என்று ஒரு பெட்டியோடு வந்த நோரீன் பத்தொன்பது வருஷம் இருந்தார். அவர் மீன் வறுவல் கடையில் கவுன்டரில் நிற்பவர். அவர் வந்து உட்கார்ந்தால் வினிகர் வாசனை அடிக்கும். அக்காவும் தங்கையும் சேர்ந்தால் சண்டைதான். பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் பேனாவால் போடுவதா பென்சிலால் போடுவதா என்று அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

2012 மே மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், நோரீன் வாடகைக்கு எடுத்திருந்த தன் தோட்டத் துண்டில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வெட்டிக்கொண்டு திரும்பினார். வீட்டில் க்ளெண்டா அதைப் போட்டு இனிப்பு செய்ய அடுப்பைச் சூடாக்கி வைத்திருந்தார். மேட்டுச் சாலை ஜீப்ரா கிராசிங்கில் நோரீன் பாதி தூரம் கடந்திருந்தபோது, முப்பது மைலுக்கு மேல் போகக்கூடாத இடத்தில் அறுபதில் வந்த ஒரு கார் அவரைத் தூக்கி எறிந்தது. கார் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் இறங்கி ஓடி வந்தார்கள். நோரீனுக்கு இருபது நிமிஷம் உயிர் இருந்தது. தண்டுகள் சாலையில் சிதறிக் கிடந்ததாகவும், யாரோ ஒருவர் அதையெல்லாம் பொறுக்கி ஓரமாக அடுக்கி வைத்ததாகவும் போலீஸ்காரர் சொன்னார். வீட்டில் அந்த அடுப்பு மறுநாள் காலை வரை எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் அணைத்தார்.

ஓட்டியவனை இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். வில்லியம் ப்வால்யா ம்விலா. வயது இருபத்தேழு. ஊரில் எல்லோருக்கும் பில். குடித்திருந்தான். கார் நண்பனுடையது. வழக்கு முடிய ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் க்ளெண்டா விடுப்பு எடுத்துப் போய் உட்கார்ந்தார். தண்டனை ஆறு வருஷம் என்று சொல்லிவிட்டு நீதிபதி இன்னொரு விஷயமும் சொன்னார். இவன் பிரிட்டிஷ் பிரஜை இல்லை, ஆகவே தண்டனைக்குப் பிறகு நாடுகடத்தப்படக் கூடியவன் என்று.

மறுநாள் கேன்டீனில் க்ளெண்டா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அவன் வாயைத் தெறந்து பேசினா பக்கத்துத் தெருப் பையன் மாதிரி இருக்கு. ஜாம்பியாவாம். அஞ்சு வயசுல அம்மாவோட வந்தானாம். பிரஜை ஆகறதுக்கு மனு போடவே இல்லையாம்."

"அப்ப அனுப்பிடுவாங்களா?"

"ஆறு வருஷம்னா மூணு வருஷத்துல வெளிய விட்டுடுவாங்க. மூணு வருஷத்துல இதே தெருவுல நடப்பான். நோரீன் எங்க நடப்பா? அனுப்பணும். ஒரு மனுஷரையும் தெரியாத ஊருல போய் உட்காரணும். நான் இப்ப அந்த வீட்டுல உட்கார்ந்திருக்கேன் பாரு, அப்படி."

பக்கத்து மேசையில் இருந்த ஒரு டிரைவர், "வெளிநாட்டுலேருந்து வந்த மொத்தப் பேரையும் ஏத்தி அனுப்பணும், நானே பஸ் ஓட்டறேன்" என்றான். க்ளெண்டா என்னைப் பார்த்து, "உன்னைச் சொல்லல, கண்ணு" என்றார்.

"சொல்லலன்னு சொல்ல வேண்டியிருக்கு இல்ல?" என்றேன்.

அவர் தன் தட்டிலிருந்த சிப்ஸைப் பாதி எடுத்து என் தட்டில் போட்டார். மன்னிப்பு என்று வாயால் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

செய்தித்தாளில் வந்த பில்லின் படத்தை வெட்டி வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்துவிட்டு, இதை ஏன் தினமும் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "பால் எடுக்கறப்போ ஒரு தடவை, வைக்கறப்போ ஒரு தடவை. மறந்துடக் கூடாது பாரு" என்றார்.

பில்லின் அம்மா எக்சில்டா ம்விலா எங்கள் தடத்தில்தான் குடியிருந்தார். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை. காலை ஐந்து நாற்பது பஸ்ஸுக்கு, சாம்பல் நிறக் கோட்டும் முடியை மூடிய துணியுமாக நிறுத்தத்தில் நிற்பார். வழக்கு நடந்தபோதுதான் அவர் யார் என்று க்ளெண்டாவுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு, அந்த நிறுத்தத்தில் அவர் மட்டும் நின்றால் க்ளெண்டா பஸ்ஸை நிறுத்துவதில்லை. வேறு யாராவது நின்றால் நிறுத்துவார், அவர்களை ஏற்றிக்கொள்வார், எக்சில்டாவின் முகத்துக்கு நேரே கதவை மூடுவார். மலையில் மழை குறுக்காக அடிக்கும் ஊர் இது. அடுத்த பஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். எக்சில்டா ஒருமுறைகூடப் புகார் கொடுக்கவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, ஒரு நிறுத்தம் முன்னால் நடந்துபோய் அங்கே கூட்டத்தோடு நிற்க ஆரம்பித்தார். க்ளெண்டா அங்கேயும் கண்டுபிடித்தார்.

"அந்தம்மா என்ன செஞ்சாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெத்தா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கும் பயம் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் புகார் எழுத வேண்டியவன் நான்தான். எழுதவில்லை.

2015-ல் பில் வெளியே வந்தான். நாடுகடத்தும் உத்தரவு தயாராக இருந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தான். வழக்கு முடியும்வரை அம்மா வீட்டில் இருக்கலாம் என்று ஜாமீன் கிடைத்தது. அவனுக்கு எல்சி என்று ஒரு மகள். நோரீன் இறந்தபோது கைக்குழந்தை, இப்போது நான்கு வயது. குழந்தையின் அம்மா கார்லி, அதே மலைச்சரிவில் இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.

முதல் விசாரணைக்கு க்ளெண்டாவை என் காரில்தான் அழைத்துப் போனேன். தீர்ப்பாயம் என்றால் பெரிய மண்டபமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். அலுவலகக் கட்டிடத்தில் ஒரு அறை, சாதாரண மேசைகள். பொதுமக்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த வழக்கில் இடமே இல்லை. அது அரசுக்கும் அவனுக்கும் நடுவில் நடக்கிற வழக்கு.

அவன் பக்க வக்கீல் ஒரு இளம்பெண். ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. மனித உரிமை ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவு என்று ஆரம்பித்தார். ஒவ்வொருவருக்கும் தன் குடும்ப வாழ்க்கை மதிக்கப்படும் உரிமை உண்டு. இவன் ஐந்து வயதில் வந்தவன். ஜாம்பியாவில் இவனுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, அந்த மொழிகூட ஒழுங்காக வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றுமறியாத ஒரு குழந்தைக்கு அப்பா இல்லாமல் போகும். அரசுத் தரப்பில் வந்தவர் எழுந்து, நான்கு வருஷத்துக்கு மேல் தண்டனை பெற்றவனுக்கு மிக மிக வலுவான காரணம் இருந்தால்தான் விலக்கு என்று சட்டம் சொல்கிறது, இது அப்படியில்லை என்றார்.

இடைவேளையில் வெளியே படிக்கட்டில் நின்றோம்.

"குடும்ப வாழ்க்கையாம். நானும் நோரீனும் பத்தொன்பது வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டமே, அது என்ன? அதுக்கு எத்தனாவது பிரிவு? போய்க் கேட்டுட்டு வா."

நீதிபதி மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார். குழந்தையின் நலனே காரணம். பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எக்சில்டா எழுந்து திரும்பியபோது பின் வரிசையில் க்ளெண்டாவைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார். திரும்பி வந்து, தன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது க்ளெண்டா சொன்னார்:

"குழந்தைதானே காரணம். பார்க்கறேன்."

அரசு அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேலே போனது. முதல் தீர்ப்பில் சட்டப் பிழை இருக்கிறது, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று முடிவானது. நடுவில் பதினோரு மாதம் இருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில்தான் க்ளெண்டா தன் காரியத்தைச் செய்தார்.

பஸ் டிரைவருக்குத் தெரியாத ரகசியம் ஊரில் குறைவு. யார் யாரோடு ஏறுகிறார், எந்த நிறுத்தத்தில் இறங்குகிறார், எந்த வாரத்திலிருந்து தனியாக வருகிறார், எல்லாம் தெரியும். கார்லி வேறொருவனோடு பஸ்ஸில் வர ஆரம்பித்திருந்தாள். தோளில் சாய்ந்துகொண்டு வருவாள். சில சனிக்கிழமைகளில் எல்சி அந்த ஆளின் மடியில் உட்கார்ந்து வரும். க்ளெண்டா ஒரு நோட்டு வாங்கி, தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம் எல்லாம் எழுதினார்.

அவர் பார்த்தது அது மட்டும் இல்லை. பள்ளிக்கு முன்னால் ஒரு ஜீப்ரா கிராசிங் உண்டு. காலை எட்டு நாற்பதுக்கு க்ளெண்டாவின் பஸ் அங்கே வரும். அதே நேரத்துக்கு பில் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்பான். க்ளெண்டா பிரேக் போட வேண்டும். போடுவார். நோரீனைக் கொன்றவன், கிராசிங்கில், அவருடைய பஸ்ஸுக்கு முன்னால், குழந்தையின் நடைக்குத் தன் நடையைக் குறுக்கிக்கொண்டு மெதுவாகக் கடந்து போவான். இந்த ஊர் வழக்கப்படி டிரைவர் முகத்தைப் பார்க்காமலே நன்றிக்குக் கையைத் தூக்குவான். குழந்தையும் தூக்கும்.

"தினமும் என் கால் பிரேக்குல இருக்கும், கண்ணு. அந்தக் காலை நான் தினமும் நம்பினேன்னு சொல்ல மாட்டேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஒருநாள் அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டான். பாதிச் சாலையில் கால் நின்றுபோனது. க்ளெண்டா இமைக்காமல் பார்த்தார். எல்சி கையை இழுத்தது. மறுநாள் முதல் அவன் அந்தப் பஸ் போகும்வரை மரத்தடியில் நின்று, பிறகு கடந்தான். ஆனாலும் தினமும் வந்தான். மழையிலும் வந்தான். அதையும் க்ளெண்டா பார்த்தார். நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது விசாரணைக்கு முன்னால், கார்லியைப் பற்றிய தேதிகளையெல்லாம் வரிசையாகக் கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு அரசுத் தரப்புக்கு அனுப்பினார். அந்தக் குடும்பம் சேர்ந்து வாழவில்லை, குழந்தை வேறொரு ஆணோடு வளர்கிறது என்று. அவர்கள் அவரைச் சாட்சியாகவே கூப்பிட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் பின் வரிசையில் வாய்மூடி உட்கார்ந்தவருக்கு முன்னால் ஒரு நாற்காலி கிடைத்தது.

அன்றைக்கும் நான்தான் அழைத்துப் போனேன். இந்த முறை பில் பக்கம் வக்கீல் இல்லை. அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு ஆள் போதவில்லையாம். கார்லியும் வரவில்லை. புதுத் துணையோடு வாழ்க்கை தொடங்கியவள் ஏன் வரப்போகிறாள். எக்சில்டா மட்டும் மகனுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாட்சியைக் கேள்வி கேட்க வேண்டுமானால் அவனேதான் கேட்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார்.

அவன் எழுந்தான். கையில் ஒரு காகிதம் இருந்தது.

"மிசஸ் ஹோல்ராய்ட், முதல்ல நான் மன்னிப்புக் கேட்கணும். கோர்ட்டுல அன்னைக்கே கேட்டேன். நீங்க அப்ப…"

"கேள்வி மட்டும் கேளுங்கள்" என்றார் நீதிபதி.

"சரிங்க." காகிதத்தைப் பார்த்தான். "நீங்க எட்டு நாற்பது பஸ் ஓட்டுறீங்க. ஸ்கூலுக்கு முன்னாடி."

"ஆமா."

"நான் எல்சியைத் தினமும் காலையில கூட்டிட்டு வருவேன். நீங்க எங்களுக்காக நிறுத்தியிருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

க்ளெண்டா அவனை நேராகப் பார்த்தார்.

"அந்த கிராசிங்குல தினமும் நூறு பேர் போறாங்க. எல்லாரையும் ஞாபகம் வச்சுக்க முடியாது."

"நீங்க என்னைப் பார்த்தீங்க. நான் நின்னுட்டேன். எல்சி என் கையை…"

"எனக்கு ஞாபகம் இல்ல."

அவன் காகிதத்தை மடித்தான். கார்லி எந்தத் தேதியில் எந்த நிறுத்தத்தில் இறங்கினாள் என்று நினைவு வைத்திருப்பவருக்கு இது மட்டும் எப்படி மறந்தது என்று ஒரு வக்கீல் கேட்டிருப்பார். அவனுக்கு அது தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டான். பின் வரிசையில் இருந்த எனக்கு நன்றாகத் தோன்றியது. பேச எனக்கு அனுமதி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. பதினான்கு பக்கத்தில் க்ளெண்டாவின் சாட்சியத்துக்கு நான்கு வரி. பள்ளியிலிருந்து கடிதம் இல்லை, குழந்தையின் தாயார் சாட்சி சொல்ல வரவில்லை, மேல்முறையீடு செய்தவர் மகளின் அன்றாட வளர்ப்பில் பங்கெடுத்தார் என்பதற்குச் சுதந்திரமான ஆதாரம் இல்லை. இப்படிப் போனது.

2017 பிப்ரவரியில் பில்லை விமானம் ஏற்றினார்கள். அன்று க்ளெண்டா விடுப்பு எடுத்தார். நோரீனுடைய கல்லறைக்குப் போய் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். விமானம் கிளம்பும் நேரம் ஆனதும், "போயிட்டான்டி" என்று சொன்னாராம். பிறகு கடைக்குப் போய் மீன் வறுவல் வாங்கி, நிறைய வினிகர் ஊற்றி, முழுவதையும் சாப்பிட்டாராம். இதை எல்லாம் என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. குளிர்பெட்டிக் கதவிலிருந்த படத்தை எடுத்துவிட்டார். அந்த வருஷம் அவரை நான் அப்படிச் சந்தோஷமாக இரண்டு வாரம்தான் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் எக்சில்டா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். கார்லிக்குக் காலையில் வேலை கிடைத்ததால் பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. வேறு பஸ் இருந்தது. அவர் க்ளெண்டாவின் பஸ்ஸில்தான் ஏறினார். நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதால் க்ளெண்டாவால் நிறுத்தாமல் போக முடியாது. எக்சில்டா ஏறி, "காலை வணக்கம், மிசஸ் ஹோல்ராய்ட்" என்பார். டிரைவருக்கு நேர் பின்னால், உள் கண்ணாடியில் முகம் விழும் அந்த முதல் இருக்கையில் எல்சியை உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்காருவார். வேறொன்றும் பேசமாட்டார். திட்ட மாட்டார், அழ மாட்டார். இறங்கும்போது, "நன்றி, மிசஸ் ஹோல்ராய்ட்." அவ்வளவுதான். மறுநாள் மறுபடி.

க்ளெண்டா எங்களிடம் பொரிந்தார். "வேணும்னே செய்யறா. அந்தக் குழந்தையைக் கண்ணாடில காட்டறா."

"தடத்தை மாத்திக்கோங்களேன். நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"நான் ஏன் மாறணும்? இருபத்தியாறு வருஷமா என்னோட தடம். அவ இறங்கட்டும்."

எக்சில்டா இறங்கவில்லை. இரண்டு வருஷமும் ஐந்து மாதமும், பள்ளி நடந்த ஒவ்வொரு காலையும், அந்த இருக்கையில் வந்தார். கதவை முகத்தில் மூடிய காலைகளுக்கெல்லாம் அவர் இப்படிக் கணக்குத் தீர்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். உள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார் என்று க்ளெண்டாவுக்கு ஒருமுறை எச்சரிக்கைக் கடிதம்கூட வந்தது. மறுபடி பழையபடி திருப்ப வேண்டியதாயிற்று. எல்சிக்கு முன்பல் விழுந்ததும், முளைத்ததும், முடியை வெட்டிக்கொண்டதும் எல்லாம் அவர் அந்தக் கண்ணாடியில் பார்த்ததுதான். 2019-ல் ஓய்வு பெற்றார். கடைசி நாளும் எக்சில்டா ஏறினார், வணக்கம் சொன்னார், இறங்கினார்.

ஓய்வு பெற்று ஒரு மாதம் இருக்கும். நான் க்ளெண்டா வீட்டில் வேலி சரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எக்சில்டா வாசலில் வந்து நின்றார். க்ளெண்டா உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் வர முயலவில்லை.

"நீங்க பொய் சொன்னீங்க, மிசஸ் ஹோல்ராய்ட்."

"ஆமா."

இவ்வளவு சுருக்கமாகப் பதில் வரும் என்று எக்சில்டா எதிர்பார்த்திருக்கமாட்டார். "உங்க தங்கச்சிக்கு என் மகன் செஞ்சதுக்கு நான் சர்ச்சுல தினமும் மண்டி போடறேன். அது வேற. நீங்க பார்த்ததை ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க."

"அவனைத் திரும்பக் கூட்டிட்டு வரவா? செத்தாலும் எழுத மாட்டேன்."

"அவன் வர முடியாது. இன்னும் வருஷக்கணக்கா உத்தரவு இருக்கு. அதுக்கு இல்ல." எக்சில்டா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கார்லி அந்தத் தீர்ப்பை எடுத்துப் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டியிருக்கா. உங்கப்பன் உன்னை ஒருநாளும் பார்த்துக்கல, ஜட்ஜே எழுதியிருக்காரு பாருன்னு. இல்லடி, தினமும் கூட்டிட்டுப் போனான்னு நான் சொல்றேன். நீங்க அப்பாவோட அம்மா, அப்படித்தான் சொல்லுவீங்கன்னு பிள்ளை சொல்றா. நீங்க சொன்னா நம்புவா. நீங்க எங்களுக்கு வேண்டாதவங்க."

"உன் மகன் உயிரோட இருக்கான். போன்ல பேசறான். எனக்கு அதுகூட இல்ல. போ."

எக்சில்டா போனார். க்ளெண்டா கதவை அடித்துச் சாத்தினார். வேலிப்பலகை ஒன்றை நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று அன்று முழுக்க என்னோடு சண்டை போட்டார்.

அதற்குப் பிறகு அவர் இந்தப் பேச்சை எடுத்தது மறுவருஷம் கொரோனா ஊரடங்குக் காலத்தில். தோட்டத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னார்:

"அவனை அனுப்பினதுல எனக்கு வருத்தமே இல்ல. மறுபடி அனுப்பச் சொன்னாலும் அனுப்புவேன். ஆனா கார்லியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது ரெண்டையும் எழுதியிருக்கலாம். அப்பவும் தள்ளுபடிதான் பண்ணியிருப்பாங்க, ஆறு வருஷத் தண்டனைக்காரனை யாரு விடுவா? அப்ப அது என்னோட ஜெயமா இருந்திருக்கும். இப்ப பாரு, அதுல ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஓட்டை வழியா அந்தப் பொம்பளை ரெண்டரை வருஷம் வந்து உட்கார்ந்தா."

"இப்பவாவது எழுதிக் கொடுங்களேன்."

"அவ கேட்டு நான் குடுக்கறதா? மாட்டேன்."

கேட்டது கடைசியில் வேறொருத்தி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்சி தனியாக வந்து க்ளெண்டாவின் கதவைத் தட்டியிருக்கிறாள். பன்னிரண்டு வயது. பாட்டிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அன்று சாயங்காலமே க்ளெண்டா என்னைக் கூப்பிட்டு வரச் சொன்னார். போனபோது மேசையில் குறுக்கெழுத்து பாதியில் கிடந்தது.

"உள்ள விட்டீங்களா?" என்றேன்.

"விட்டேன். மழை. அந்தப் பிள்ளை நேராக் கேக்குது: எங்கப்பா என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்தாரா, நீங்க பார்த்தீங்களான்னு. பார்த்தேன்னேன். எத்தனை நாள்னு கேட்டா. ஏறக்குறைய ஒரு வருஷம், உடம்பு சரியில்லாத நாள் தவிர தினமும்னு சொன்னேன். என்ன போட்டிருப்பார்னு கேட்டா. பச்சைக் கோட்டு, ஒரு பட்டன் இல்லாததுன்னேன். உன் பையை அவன்தான் தோள்ல மாட்டியிருப்பான், நீ கிராசிங்கோட வெள்ளைப் பட்டையில மட்டும் கால் வைப்ப, அதுக்காக அவன் காத்திருப்பான்னேன். எல்லாம் சொன்னேன். கோர்ட்டுல ஞாபகம் இல்லன்னு நான் சொன்னது பொய்னும் சொன்னேன்."

எனக்கு மனசு லேசானது போல இருந்தது. அவர் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"இரு. இன்னும் முடியல. அப்புறம் நோரீனைப் பத்தியும் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாம். எவ்வளவு வேகம், எவ்வளவு குடி. நிக்காமப் போனது. இருபது நிமிஷம் உயிரோட இருந்தது. அவளோட ஒரு ஷூ எங்க கிடைச்சுதுன்னு போலீஸ் சொன்னது. சவப்பெட்டியை மூடியே வச்சுத்தான் எடுக்க வேண்டியிருந்ததுங்கறது. நோரீனோட போட்டோவைக் கையில குடுத்துட்டுத்தான் சொன்னேன்."

"பன்னிரண்டு வயசு, க்ளெண்டா."

"அவதானே கேட்டா. பார்த்ததைப் பாதி சொன்னதுக்குத்தானே அவ பாட்டி என்னைப் பொய்க்காரின்னா. முழுசாச் சொல்லுன்னா முழுசாத்தான் சொல்லணும்." அவர் குரலில் நடுக்கம் இல்லை. முதல் விசாரணை அன்று தீர்ப்பாயப் படிக்கட்டில் நின்றபோது இருந்த அதே குரல். "அவளுக்கு ஒரு நல்ல அப்பனைத் திருப்பிக் குடுத்தேன். அப்படியே தூக்கிட்டுப் போகட்டும்னு விட எனக்கு மனசு வரல."

"அழுதாளா?"

"இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தா. டீயைக் குடிச்சு முடிச்சா. போட்டோவைத் துடைச்சு மேசையில வச்சா. கப்பைக் கழுவிக் கவுத்துட்டு, நன்றி மிசஸ் ஹோல்ராய்ட்னுட்டுப் போனா."

மறுபடி அந்தப் பெண் வரவில்லை. வந்தால் கதவைத் திறப்பேன் என்று க்ளெண்டா ஒருமுறை சொன்னார். பில் ஜாம்பியாவில் லாரிக் கம்பெனியொன்றில் கணக்கு எழுதுவதாகவும், வண்டி மட்டும் ஓட்டுவதில்லை என்றும் எக்சில்டா மூலமாக எனக்குத் தெரியும். அதை நான் க்ளெண்டாவிடம் சொல்லவில்லை. இந்த வருஷம் நாடுகடத்தும் உத்தரவை நீக்கக் கோரி அவன் மனு போடப்போகிறான் என்று பேச்சு அடிபடுகிறது. க்ளெண்டாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் போய்விட்டது. மனு விசாரணைக்கு வந்தால் பின் வரிசையில் உட்கார வேண்டும், என்னால் காரில் கொண்டுபோக முடியுமா என்று போன வாரம் கேட்டார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே யாராவது கேட்டால் இந்த முறை என்ன சொல்வீர்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை.